மாமாவோட பழைய அலுமினிய ரோட் சைக்கிள்ல புது கியர் போடணும், பின்கவையை விரிக்கலாமா?

கடியப்பட்டணம் காத்து

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

எங்க மாமா கப்பல்ல வேலை பாத்தவங்க. 1988ல பிரான்ஸ்ல ஒரு துறைமுகத்துல கப்பல் பத்து நாளு நின்னப்ப, பழைய சாமான் விக்கிற சந்தையில ஒரு ரோட் சைக்கிளை வாங்கி, கழத்தி பெட்டியில கட்டி ஊருக்கு கொண்டுவந்தாங்க. சின்னப்பிள்ளையில நாங்க அதை தொடக்கூட விடமாட்டாங்க, லீவுல வந்தா காலையில அஞ்சு மணிக்கு எடுத்துட்டு கன்னியாகுமரி வரைக்கும் சவுட்டிட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வந்திருவாங்க. போன வருசம் மாமா தவறிட்டாங்க. தேங்கா போடுற சாய்ப்புல ஒரு பாயை போட்டு மூடி வச்சிருந்தத அத்தைதான் எடுத்து குடுத்தாங்க, நீ சவுட்டுவேன்னா கொண்டுபோ மக்ளே, சும்மா கெடந்து துருப்பிடிக்கிறதுக்குன்னு.

வண்டி வீட்டஸ் 979, குழாய்ல டியூரலினாக்ஸ்னு ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு கெடக்கு. அலுமினியம், ஒத்தை கையில தூக்கிரலாம். பின்னால 6 பல்லு (ஆறு பல்சக்கரம்) உள்ள, ஹப்புல திருகி மாட்டுற ஃப்ரீவீல், முன்னால 52, 42 பல்லு உள்ள ரெண்டு சக்கரம், கியர் மாத்துற லீவர் கீழ்க்குழாய்ல இருக்கு. டயர் ட்யூபோட சேத்து தைச்சு ரிம்ல பசை போட்டு ஒட்டுற மாதிரி, ரெண்டும் வெடிச்சு பொடிஞ்சு போச்சு. சீட்டு கம்பி அசையவே மாட்டேங்குது. வீட்டுல இருந்து கடல் நானூறு மீட்டர்தான், உப்புக்காத்து எப்படின்னு நம்ம ஆளுகளுக்கு சொல்லவேண்டாம்.

எனக்கு ஆசை என்னன்னா பிரேக்கோட கியரும் சேந்த லீவர், 11 ஸ்பீடு, முடிஞ்சா டிஸ்க் பிரேக். ஞாயித்துக்கிழமை பேச்சிப்பாறை வரைக்கும் போயிட்டு வரணும். ஒரு கடையில கொண்டுபோய் காட்டினேன், புது வீல் ஹப்பு அகலம் 130 எம்எம், உங்க வண்டியில பின்கவை இடைவெளி 126தான் இருக்கும், ஜாக்கி வச்சு கவையை விரிச்சு தாறேன், அஞ்சு நிமிசம்தான்னு சொன்னாங்க. ஜாக்கியை எடுத்துட்டு வந்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்கிட்டு, நாளைக்கு வாறேன்னு சொல்லி வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். நான் செஞ்சது சரியா? இந்த வண்டியில எதை மாத்தலாம், எதை தொடப்படாது?

தக்கலை பழையசெயின்

தம்பி, வண்டியை எடுத்துட்டு வந்தது நூத்துக்கு நூறு சரி. முதல்ல அந்த ஜாக்கி பேச்சை மறந்துருங்க.

உங்ககிட்ட இருக்கிறது வெல்டிங் பண்ணின பிரேம் இல்ல. 979ல மெல்லிசான அலுமினிய குழாயும் லக்கும் (குழாய்களை சேக்கிற மூட்டு) எபாக்ஸி பசையால ஒட்டினதாக்கும். 80கள்ல அயர்லாந்து பந்தய வீரர் சீன் கெல்லி மாதிரி ஆளுக பந்தயத்துல ஓட்டினது இந்த பிரேம்லதான், அதனால பசைன்னதும் பயப்படாதீங்க, அது உறுதியான பசை. ஆனா அதுக்கு ரெண்டு விரோதி உண்டு, ஒண்ணு சூடு, இன்னொண்ணு பக்கவாட்டுல வளைக்கிறது. ஸ்டீல் பிரேமை விரிச்சா அது அப்படியே புது இடத்துல நிக்கும், நானே ஒரு பழைய ஸ்டீல் வண்டியை 120ல இருந்து 126க்கு மரக்கட்டை வச்சு பைய பைய விரிச்சிருக்கேன், இன்னைக்கும் ஓடுது. அலுமினியம் அப்படி இல்ல. வளைச்ச இடத்துல அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள கீறல் தொடங்கி, ஆறு மாசமோ ஒரு வருசமோ கழிச்சு நீங்க எறக்கத்துல வேகமா வரும்போது கையவிடும். ஸ்டீலுக்கு ஒரு அளவுக்கு கீழ எத்தனை தடவை அசைஞ்சாலும் சோர்வு வராது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது, சின்ன அசைவும் கணக்குல சேந்துக்கிட்டே இருக்கும்.

இதை நான் பட்டு தெரிஞ்சது. 2009ல எங்கிட்ட ஒரு ஒட்டு போட்ட அலுமினிய வண்டி இருந்துது, அதுல 130 வீலை கையால விரிச்சு விரிச்சு மாட்டி ஒரு மழைக்காலம் ஓட்டினேன். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு ஓடுற இடம்) பக்கத்துல பெயிண்ட்ல தலைமயிரு கனத்துக்கு ஒரு கோடு வந்துது, நகத்தால தடவினா தட்டுப்படும். அழுக்குன்னு நெனச்சு துடைச்சேன், போகல. கிராங்கை (பெடல் மாட்டுற கை) சவுட்டும்போது டிக் டிக்னு ஒரு சத்தம். ஒட்டு விட்டுருந்துது. அந்த பிரேம் இப்பவும் வீட்டு சுவர்ல தொங்குது.

அதனால பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னால பிரேமை பாருங்க. நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு லக் ஓரத்தையும் துணியால துடைச்சு பாக்கணும். பெயிண்ட் கோடு மாதிரி வெடிச்சிருக்கா, வெள்ளைப் பொடி கக்கியிருக்கா, முன்பிரேக்கை அமுக்கி வண்டியை முன்னயும் பின்னயும் ஆட்டினா சத்தம் வருதான்னு. கியர் மாட்டுற காதையும் பாருங்க, அது வளைஞ்சிருந்தா நிமித்த போகாதீங்க, அது பிரேமோட சேந்த காது, ஒடிஞ்சா மாத்த முடியாது. பிரேம் சரியில்லன்னா ஒத்த ரூவா செலவு பண்ணாதீங்க.

அப்புறம் டிஸ்க் பிரேக் ஆசைய விட்டுருங்க. டிஸ்க் இழுக்கிற இழுப்பை தாங்குறதுக்கு அந்த போர்க்கும் பின்காலும் செய்யப்படல, வெல்டு வச்சு மவுண்ட் போடலாம்னு யாராவது சொன்னா பசை எல்லாம் வெந்து போகும்.

ஆரல்வாய் எதிர்காத்து

பழையசெயின் அண்ணே சொல்லுறதுல ஒரு விசயம் மட்டும் எனக்கு ஒப்பாது. எங்கிட்ட 90ல வந்த வெல்டிங் போட்ட கேனன்டேல் இருக்கு, 126தான், நாலு வருசமா 130 வீலை கையால விரிச்சுத்தான் மாட்டுதேன், பக்கத்துக்கு 2 எம்எம்தானே, ஒண்ணும் ஆகல. ஆரல்வாய்மொழி கணவாய்ல ஆடி மாசம் அடிக்கிற பக்கக்காத்துல அந்த வண்டிதான் என்னைய கொண்டுபோய் கொண்டுவருது. எல்லாத்துக்கும் பயந்தா பழைய வண்டி எதையும் ஓட்ட முடியாது.

தம்பிக்கு ஒண்ணு சொல்லுதேன், வீல் எது போட்டாலும் உயரமான ரிம் வேண்டாம். வண்டி கனமே இல்ல, முப்பந்தல் பக்கம் போனா காத்து ஹேண்டிலை பிடுங்கும். சாதாரண பெட்டி ரிம், 32 இல்லன்னா 36 கம்பி (ஸ்போக்).

தக்கலை பழையசெயின்

@ஆரல்வாய், உங்க வண்டி வெல்டு போட்ட பெருங்குழாய், அது வேற ஜாதி. நாலு வருசம் ஒண்ணும் ஆகலங்கறது சந்தோசம், ஆனா இனியும் ஆகாதுன்னு அதுல இருந்து சொல்ல முடியாது. கீழ்ப் பின்கால் ரெண்டையும் சேக்கிற செயின்ஸ்டே பாலத்து பக்கம் மாசத்துக்கு ஒருக்கா டார்ச் அடிச்சு பாத்துக்கிடுங்க. தம்பியோட ஒட்டு பிரேமுக்கு நான் 2 எம்எம்முக்கும் சம்மதிக்க மாட்டேன்.

வடசேரி வெர்னியர்

பிரேமை வீலுக்கு ஏத்தமாதிரி வளைக்காம வீலை பிரேமுக்கு ஏத்தமாதிரி மாத்தினா சண்டையே இல்லல்லா.

முதல்ல உண்மையிலயே 126தானான்னு வெர்னியர் வச்சு ஆக்ஸில் உக்காருற ரெண்டு காடிக்கும் உள்பக்கமா அளங்க. வீல் இல்லாம அளக்கணும். 5 பல்லு காலத்துல 120, 6 - 7 பல்லுக்கு 126, 8 பல்லு வந்த பிறகு 130ன்னு கூடிச்சு, உங்க வண்டி நடுக்காலத்துது.

வழி ஒண்ணு, சுலபமானது. 126 ஃப்ரீவீல் ஹப்பையே வச்சுக்கிட்டு 7 பல்லு ஃப்ரீவீல் மாட்டுங்க, ஷிமானோ டிஇசட்500 நம்ம ஊரு சைக்கிள் கடையில சாதாரணமா கெடைக்கும், 14-28 (சின்ன சக்கரத்துல 14 பல்லு, பெருசுல 28). ரிம் மட்டும் மாத்தி கம்பி கட்டணும், ஏன்னா அந்த ஒட்டு டயருக்கு இங்க அலையணும், ரோட்டுல பஞ்சரானா தையலைப் பிரிச்சு ஒட்டணும். சாதாரண 700சி ரிம் போட்டு 25 எம்எம் டயர் போடுங்க. பழைய பிரேம்ல 28 கவைக்குள்ள உரசலாம்.

வழி ரெண்டு, நானே ரெண்டு வண்டிக்கு செஞ்சது. 130 எம்எம் கேசட் (திருகாம செருகி மாட்டுற பல்சக்கர அடுக்கு) ஹப் வாங்குங்க, 8/9/10 பல்லு எல்லாம் ஏறுற அந்த ஃப்ரீஹப் உள்ளது, கோன் நட்டு போட்ட பழைய மாதிரி பேரிங். இடதுபக்கம் இருக்கிற ஸ்பேசர்ல 4 எம்எம் எடுத்துருங்க. வலதுபக்கத்தை தொடவேண்டாம், அப்பதான் கேசட்டு இருக்கிற இடத்துலயே இருக்கும். ஹப் இப்ப 126. ஆனா நடுவு 2 எம்எம் மாறிப்போச்சு, அதனால ரிம்மை 2 எம்எம் வலதுபக்கம் இழுத்து கம்பியை திரும்ப கட்டணும். வலதுபக்க கம்பி நெட்டுக்குத்தா நிக்கும், இழுவை கூடும், அதுக்குத்தான் ஆரல்வாய் சொன்ன 32, 36 கம்பி. 24 கம்பி வீல்ல இதை செய்யாதீங்க. சின்ன பல்லுல செயின் ஓடும்போது பின்கால்ல உரசுதான்னு வண்டியில மாட்டி ஒருக்கா பாத்துட்டு பிறகு கம்பியை முறுக்குங்க.

ஆக்ஸிலும் வெட்டணும், இதை பலரும் மறந்துருதாங்க. 130 ஹப்புக்கு ஆக்ஸில் நீளம் 141, ரெண்டுபக்கமும் 5.5 எம்எம் நீட்டும். 126க்கு 137 வேணும். நீளம் விட்டா க்விக் ரிலீஸை (வீலை இறுக்கிப் பிடிக்கிற லீவர்) முறுக்கினாலும் வீலை பிடிக்காது, சவுட்டும்போது சக்கரம் கோணிக்கிட்டு பின்கால்ல முட்டும்.

11 ஸ்பீடு எதுக்கு தம்பி? 11 பல்லு ரோட் கேசட்டுக்கு ஃப்ரீஹப்பே நீளம் கூட, அதை 126க்குள்ள கொண்டுவர்றது வீண்பாடு. ஷிமானோவோட 8 ஸ்பீடு கிளாரிஸ் செட்டு போடுங்க, செயினு விலை குறைவு, கனமா இருக்கும், உப்புக்காத்துல சீக்கிரம் போற சாமானை விலை குறைவாத்தான் வாங்கணும். இல்ல சோரா 9. கணக்கு எல்லாம் ஒண்ணுதான், ஷிமானோ ரோட் 8, 9க்கு பின் டெரெய்லர் (செயினை பல்சக்கரம் மாத்துற கருவி) கேபிள் இழுக்கிற அளவு ஒண்ணு, 11லதான் மாறுது, கலந்துராதீங்க.

குலசேகரம் ரப்பர்பால்

பேச்சிப்பாறைன்னு சொன்னதால நான் வாறேன், அது எங்க ஏரியா.

தம்பி, 52/42ல பின்னால 23ஓ 24ஓ இருக்கும். அந்த கியரை வச்சு கடற்கரை ரோட்டுல பறக்கலாம். திருவட்டாறு தாண்டினா எங்க ஊரு ரோடு எப்படின்னு தெரியும்லா, ஏறும், உடனே எறங்கும், திரும்ப ஏறும், நேரா கெடக்கிற இடமே கிடையாது, ரப்பர் தோட்டத்துக்குள்ள பனி பெஞ்ச காலையில எலை நனைஞ்சு வழுக்கும், நின்னுட்டு சவுட்டவும் முடியாது. கணக்கு போட்டு பாருங்க, 42/23ல பெடலை ஒரு சுத்து சுத்தினா வண்டி ஏறக்குறைய 3.8 மீட்டர் போகணும். 34/28ல 2.5 மீட்டர்தான். முழங்கால் வித்தியாசம் சொல்லும். எனக்கு 46 வயசு, 42 பல்லை வச்சு ரெண்டு வருசம் வீம்புக்கு ஏறி முட்டு நீர்க்கட்டிட்டு, அதனால சொல்லுதேன்.

50/34 போடணும்னா கிராங்க் மாத்தணும், பழைய கிராங்க்ல பல்சக்கரம் போல்ட் வட்டம் பெருசு, 144 எம்எம் வட்டம்னா 41 பல்லுக்கு கீழ ஏறாது, 130 வட்டம்னா 38. 110 வட்டம் உள்ள கிராங்க்தான் 34 எடுக்கும்.

அங்கதான் பிரெஞ்சு வண்டியோட பொறி இருக்கு. பாட்டம் பிராக்கெட் திரெட் மூணு விதத்துல ஒண்ணா இருக்கும். இங்கிலீஷ்னா 1.37 இஞ்சு விட்டம், இஞ்சுக்கு 24 திரெட்; இட்டாலியன்னா 36 எம்எம் விட்டம், இஞ்சுக்கு 24; பிரெஞ்ச்னா 35 எம்எம் விட்டம், திரெட் இடைவெளி 1 எம்எம். கப் (பேரிங் உக்காருற திருகு வளையம்) மேல பொடி எழுத்துல அடிச்சிருப்பாங்க, அழுக்கை மண்ணெண்ணெய் வச்சு கழுவி பாருங்க. எழுத்து இல்லன்னா வலதுபக்க கப்பை கழத்தும்போது தெரியும், இங்கிலீஷ்னா வலதுபக்கம் மட்டும் தலைகீழ் திரெட், கடிகாரம் சுத்துற பக்கம் திருகினா கழலும். மத்த ரெண்டும் சாதாரணமா கழலும். எது தெரியாமலும் பலத்தை போடாதீங்க, அலுமினிய ஷெல்லுல திரெட் வழிஞ்சா முடிஞ்சு போச்சு. இங்கிலீஷா இருந்தா உங்க அதிர்ஷ்டம், சீல் போட்ட கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்டிட்டு மறந்துரலாம். பிரெஞ்சா இருந்தா பழைய கப்பை தூக்கிப்போடாதீங்க, குண்டு ஓடுற தடம் குழி விழாம பளபளன்னு இருந்தா கால் இஞ்சு குண்டு ஒரு பக்கத்துக்கு 11 எண்ணம் புதுசு போட்டு கிரீஸ் வச்சு அதையே ஓட்டலாம்.

குளச்சல் அக்கா

சீட்டு கம்பியை பத்தி ஒருத்தரும் பேசலையே, அதுதான் முதல் வேலை. நான் கடல் பக்கத்துக்காரி, எங்க வீட்டுல நாலு சைக்கிள், மூணுல கம்பி ஒட்டிக்கிட்டதை நானே எடுத்திருக்கேன்.

அலுமினிய பிரேமுக்குள்ள கம்பி இறங்கி உப்பு ஈரம் புகுந்தா வெள்ளையா பூத்து சிமெண்டு மாதிரி இறுகும், கம்பியும் அலுமினியமா இருந்தாலும் இறுகும். கிளாம்ப் போல்டை முழுசா கழத்திருங்க. மேல ஓரத்துல துரு எளக்குற எண்ணெய் விடுங்க, அப்புறம் வண்டியை தலைகீழா நிறுத்தி பாட்டம் பிராக்கெட் கழத்தின ஓட்டை வழியா கீழ இருந்தும் விடுங்க, அப்பதான் ரெண்டு பக்கமும் ஊறும். காலையில ஒருக்கா ராத்திரி ஒருக்கா, மூணு நாளு பொறுங்க. பிறகு பழைய சீட்டை மாட்டி அதையே பிடியா வச்சு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பைய திருகணும், இழுக்கப்படாது. லேசா டக்குன்னு ஒரு சத்தம் வரும், அதுக்கு பிறகு வந்துரும்.

ரெண்டு காரியம் செய்யவே செய்யாதீங்க. கேஸ் அடுப்போ வெல்டிங் தீயோ காட்டாதீங்க, பசை விட்டுரும். அப்புறம் இண்டர்நெட்டுல காஸ்டிக் சோடா ஊத்தினா அலுமினிய கம்பி கரைஞ்சு வரும்னு படிப்பீங்க, அது ஸ்டீல் பிரேம்காரங்களுக்கு. உங்களுக்கு கம்பியோட பிரேமும் சேந்து கரையும்.

திரும்ப மாட்டும்போது கிரீஸ் கை நெறைய போடுங்க. எங்க ஊரு துறைமுகத்துக்கு பக்கத்துல போட்டு என்ஜின் சாமான் விக்கிற கடையில தண்ணி போகாத மரைன் கிரீஸ் டின்னு கெடைக்கும், சைக்கிள் கிரீஸை விட நமக்கு அதுதான் கொள்ளாம். சீட்டு கம்பி, ஸ்டெம் (ஹேண்டிலை போர்க்கோட சேக்கிற தண்டு), பாட்டம் பிராக்கெட் திரெட், பாட்டில் ஸ்டாண்டு போல்ட் வரைக்கும் அதையே போடுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை, இடவப்பாதி மழைக்கு முன்னால ஒருக்கா, ஐப்பசிக்கு முன்னால ஒருக்கா, கம்பியை உருவி துடைச்சு திரும்ப போடணும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டுல்லா.

பிரேக்குக்கு டிஸ்க் இல்லன்னு சங்கடப்படாதீங்க. ரெட்டை பிவட் காலிப்பர் (ரெண்டு அச்சுல அசையுற ரிம் பிரேக்) புதுசு போட்டு, புது கேபிளும் நல்ல கட்டையும் போட்டா பழைய பிரேக்குக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரேக் போல்ட் ஓட்டை நடுவுல இருந்து ரிம்ல கட்டை பிடிக்கிற இடம் வரைக்கும் அளந்து சொல்லிட்டு வாங்குங்க, 39-49னு ஒரு அளவு, 47-57னு ஒரு அளவு உண்டு.

ஸ்டெம் மாத்துறதா இருந்தா அளவு பாருங்க, பிரெஞ்ச் போர்க்குக்குள்ள 22.0 எம்எம் ஸ்டெம்தான் போகும், கடையில உள்ளது 22.2. முட்டி எறக்கினா போர்க் குழாய் பிதுங்கும். பழைய ஸ்டெம்மும் ஹேண்டிலும் நல்லா இருந்தா விட்டுருங்க, புது லீவரு அதுலயே ஏறும்.

கடியப்பட்டணம் காத்து

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தரு சொன்னதையும் நோட்டுல எழுதி வச்சு செஞ்சேன். பன்னிரண்டு நாளு ஆச்சு.

லக் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்துட்டேன், கோடு இல்ல, சத்தம் இல்ல. இடது பின்கால்ல மட்டும் பெயிண்ட் பொரிஞ்சு இருந்துது, தேச்சு பாத்தா மேல்தோல்தான், பழையசெயின் அண்ணனுக்கு போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க. கவை 126 சரியா இருக்கு. வலது கப் கழுவினப்ப 1.37 24ன்னு எழுத்து தெளிஞ்சு வந்துது, நான் சத்தம் போட்டதுல அம்மா ஓடி வந்துட்டாங்க.

சீட்டு கம்பி மூணு நாள்ல வரல, அக்கா. அஞ்சாம் நாளு ராத்திரிதான் டக்குன்னு சத்தம் வந்துது. உருவி எடுத்தா அடிப்பக்கம் முழுக்க வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி. அதுக்கு மேல கம்பியில ஆணியால கீறின ஒரு சின்ன கோடு, பக்கத்துல இனிஷியலு. மாமா சீட்டு உயரத்தை அடையாளம் வச்சிருக்காங்க. எனக்கும் மாமாவுக்கும் ஒரே காலு நீளம்போல, அந்த கோட்டுலயே வச்சேன், சரியா நிக்கி.

வெர்னியர் அண்ணன் சொன்ன ரெண்டாவது வழிதான் போறேன். 130 ஹப், 36 கம்பி, 8 பல்லு 11-28, முன்னால 50/34. பின்பிரேக்குக்கும் முன்பிரேக்குக்கும் ரெட்டை பிவட். ஒண்ணு மட்டும் மனசு மாறிட்டு, பிரேக்கும் கியரும் சேந்த லீவர் வாங்கல. கீழ்க்குழாய்ல உள்ள மாமாவோட கியர் லீவரை அப்படியே வைக்கப்போறேன், அது கிளிக் இல்லாம இழுத்து நிப்பாட்டுற மாதிரி, 8 பல்லுல வேலை செய்யுமா? ஆக்ஸில் வெட்ட லேத்துக்கு நாளைக்கு போறேன்.

வடசேரி வெர்னியர்

தாராளமா செய்யும். கிளிக் வச்ச லீவருக்குத்தான் 6, 7, 8ன்னு கணக்கு, ஷிமானோ 1984ல டியூரா ஏஸ்ங்கிற பந்தய செட்டுல எஸ்ஐஎஸ்ங்கிற கிளிக் கியரை கொண்டுவந்த பிறகு வந்த சங்கதி அது. கிளிக் இல்லாத லீவருக்கு பல்லு எத்தனைன்னே தெரியாது, பெரிய பல்லு வரைக்கும் கேபிள் இழுபடுதான்னு மட்டும் பாருங்க. லீவர் நடுவுல உள்ள ஸ்குரூவை லேசா முறுக்கி வைங்க, இல்லன்னா ஏத்தத்துல தானா நழுவும். மெல்லிசு குழாய், லீவர் கிளாம்ப் மாதிரி இருந்தா அதை அளவுக்கு மேல முறுக்காதீங்க.

லேத்துல வெட்டுறதுக்கு முன்னால ஆக்ஸில்ல ஒரு நட்டை உள்ளுக்கு ஏத்தி வச்சுட்டு வெட்டச் சொல்லுங்க. வெட்டின பிறகு அரத்தால ஓரத்தை ராவிட்டு அந்த நட்டை வெளிய எடுத்தா, பிசிறு விழுந்த திரெட்டை அதுவே சரி பண்ணிக்கிட்டு வரும். 137. ரெண்டு தடவை அளந்துட்டு வெட்டுங்க.

குலசேகரம் ரப்பர்பால்

வண்டி ரெடியானதும் சொல்லுங்க மக்கா. காலையில ஆறு மணிக்கு திருவட்டாறு கோயில் நடையில நிக்கேன், சேந்து பேச்சிப்பாறைக்கு ஏறுவோம்.